குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்: அழிந்த தண்டவாளமும் 1950க்கு முந்திய சான்றும்

மூணாறிலிருந்து கிழக்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில், தேனி மாவட்ட எல்லையின் விளிம்பில், டாப் ஸ்டேஷன் என்றோர் இடம் உண்டு. மேகங்களைப் படம்பிடிக்கச் சுற்றுலாப் பயணிகள் திரளும் இடம். அங்கே இன்று ரயில் நிலையமும் இல்லை, தண்டவாளமும் இல்லை. மலைக்குக் கீழே, தமிழ்நாட்டுப் பக்கம், கொட்டகுடியை ஒட்டிய இடத்துக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர் இருந்தது. இவ்விரு பெயர்களுக்கும் காரணமான குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் 1924 ஜூலை வெள்ளத்தில் அழிந்துபோயிற்று.

நூறாண்டுக்கு முன் அழிந்த ஒரு சிறு ரயிலைப் பற்றி வழக்கறிஞர் ஒருவர் எழுத என்ன தேவை என்று கேட்கலாம். மூணாறுத் தோட்டங்களில் ஐந்தாம் தலைமுறையாக வாழும் பள்ளர், பறையர், அருந்ததியர் குடும்பங்களிடம் வருவாய்த் துறை இன்றும் ஒரு கேள்வியைக் கேட்கிறது: ‘1950 ஆகஸ்டு 10க்கு முன்பு உங்கள் குடும்பம் இங்கே வசித்ததற்கு ஆவணம் எங்கே?’ அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இந்த ரயிலின் வரலாற்றைப் படித்தால் அது வேறு விதமாகத் தெரிகிறது.

1877இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு உரிமை பெற்றார். மலையில் முதுவர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கேட்டு அந்தப் பத்திரம் எழுதப்படவில்லை. காப்பி, சிங்கோனா என்று பலவற்றை நட்டுப் பார்த்த துரைமார் கடைசியில் தேயிலையில் நிலைத்தார்கள். கிளாஸ்கோவைச் சேர்ந்த ஃபின்லே குழுமம் உள்ளே வந்தபின், 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவாயிற்று. தேயிலை விளைந்தது, அதை மலையிலிருந்து இறக்குவதுதான் பிரச்சினையாக இருந்தது. நிறுவனம் கிழக்கே போடிநாயக்கனூர் வழியைத் தேர்ந்தெடுத்தது. குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே மலை விளிம்புவரை கொண்டுபோய், அங்கிருந்து சமவெளிக்கு இறக்கிவிடுவது திட்டம்.

1902இல் இந்த வழியில் முதலில் போடப்பட்டது ஒற்றைத் தண்டவாளம். யூயிங் முறை என்று அதற்குப் பெயர். தரையோடு தரையாக ஒரே ஒரு தண்டவாளம் ஓடும். வண்டியின் பாரம் முழுவதும் ஏறக்குறைய அதன்மேல் உருளும் சக்கரங்களில் நிற்கும். வண்டி சாய்ந்துவிடாமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலைத் தரையில் ஓடும். இழுத்தவை காளைகள். சாலையின் ஓரத்தில் ஒரு தண்டவாளத்தைப் பதித்துவிட்டால் மீதிச் சாலையில் மற்ற வண்டிகளும் மனிதரும் செல்லலாம் என்பது இம்முறையின் சிக்கனம். பின்னர் பஞ்சாபின் பட்டியாலா சமஸ்தானத்தில் இதே முறையில் அமைந்த ரயிலின் எஞ்சின் ஒன்று இன்று டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தேயிலை விளைச்சல் பெருகியபோது காளைகள் போதவில்லை. 1908இல் ஒற்றைத் தண்டவாளத்தை அகற்றிவிட்டு, இரண்டடி, அதாவது 610 மில்லிமீட்டர் அகலமுள்ள குறும்பாதையைப் போட்டுச் சிறிய நீராவி எஞ்சின்களை ஓட்டினார்கள். நேரோகேஜ் என்று நாம் சொல்லும் வகைகளில் இதுவே மிகக் குறுகியவற்றுள் ஒன்று. டார்ஜிலிங் மலை ரயிலின் அகலமும் இதுதான். (ஊட்டி ரயிலையும் இவற்றோடு சேர்த்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அது பல்சக்கர உதவியோடு ஏறும் மீட்டர்கேஜ் ரயில்.) பாதை குறுகினால் வளைவுகளைக் கூர்மையாக வளைக்கலாம், மலையைக் குறைவாக வெட்டலாம், செலவு சுருங்கும். மூணாறில் புறப்பட்டு மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக டாப் ஸ்டேஷன் சென்றது பாதை. அங்கே தேயிலைப் பெட்டிகளை ரோப்வேயில், அதாவது இரும்பு வடத்தில் ஓடும் தொட்டிகளில் ஏற்றி, ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தொலைவு கொட்டகுடிக்கு இறக்கினார்கள். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி. போடிக்கு அப்போது ரயில் கிடையாது. மதுரை–போடிப் பாதையே 1928இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே போடிக்கு அப்பாலும் மாட்டுவண்டிதான், மதுரை செல்லும் பெரிய ரயில்பாதையை எட்டும்வரை. பிறகு துறைமுகம், பிறகு இங்கிலாந்து.

இந்த வழியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தேயிலை இறங்கிய அதே மலைமுகத்தில்தான் மனிதர்கள் ஏறினார்கள். மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமைகளின் சேரிகளிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். பஞ்சம், பண்ணையடிமை முறை, தீராத கடன் ஆகியவற்றிலிருந்து தப்ப வழி தேடியவர்களுக்குக் கங்காணி கொடுத்த முன்பணம் முதலில் கதவாகத் தோன்றியது. அது பூட்டாகவும் இருந்தது. 1859ஆம் ஆண்டின் வேலையாள் ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் வாங்கியபின் வேலை செய்ய மறுப்பவரைக் குற்றவியல் நடுவர் முன் நிறுத்தியது. பணத்தைத் திருப்பித் தர வேண்டும் அல்லது வேலையை முடித்துத் தர வேண்டும். உத்தரவை மீறினால் மூன்று மாதம்வரை கடுங்காவல். உரிமையியல் கடனைச் சிறைக்குரிய குற்றமாக்கிய சட்டம் அது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1920களின் நடுவில்தான் அது நீக்கப்பட்டது. திருவிதாங்கூர் சமஸ்தானமும் தோட்ட முதலாளிகளின் வேண்டுகோளுக்கிணங்க இதே வகையான சட்டத்தை வைத்திருந்தது.

போடியிலிருந்து குரங்கணி, அங்கிருந்து செங்குத்தான மலைப்பாதை, மேலே டாப் ஸ்டேஷன், பிறகு தோட்டத்து லயம். தேயிலைப் பெட்டிக்கு வடமும் தொட்டியும் இருந்தன. தொழிலாளி குழந்தையையும் பானையையும் சுமந்து நடந்தார். அவர்கள் உண்ட அரிசியும் சமவெளியிலிருந்தே மேலேற வேண்டியிருந்தது. மலையை வெட்டிப் பாதை சமன் செய்ததும், பெட்டி ஏற்றி இறக்கியதும் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் உழைப்பே. மாட்டுப்பட்டி, எல்லப்பட்டி என்று அந்த வழியெங்கும் நிற்கும் ஊர்ப்பெயர்களைப் பாருங்கள். அவற்றை யார் வாயில் வைத்துப் புழங்கினார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

1924 ஜூலையில், மலையாள ஆண்டு 1099இன் கர்க்கடக மாதத்தில், கேரளம் முழுவதையும் புரட்டிப்போட்ட பெருவெள்ளம் வந்தது. ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று இன்றும் சொல்கிறார்கள். மலைச்சரிவுகள் பெயர்ந்து ஆற்றை மறித்தன. மறித்த நீர் உடைத்துக்கொண்டு மூணாறின்மீது பாய்ந்தது. தண்டவாளம், பாலங்கள், நிலையங்கள் அனைத்தும் சிதைந்தன. நிறுவனம் ரயிலை மீண்டும் கட்டவில்லை. மூணாறு நிலையம் இருந்த கட்டடம் பிற்காலத்தில் நிறுவன அலுவலகமாயிற்று. நல்லதண்ணியில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் சக்கரம் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ரயிலை மறுபடி ஓட்டிச் சுற்றுலாவை வளர்க்கலாம் என்ற பேச்சும் சில ஆண்டுகளாக அவ்வப்போது எழுகிறது.

பழைய மூணாறு சிஎஸ்ஐ தேவாலயத்துக்கு மேலே குன்றில் ஒரு கல்லறை உண்டு. 1894இல் காலராவில் இறந்த எலனர் நைட் என்னும் இளம் துரைசானியுடையது. வழிகாட்டிகள் அந்தக் கதையை உருக்கமாகச் சொல்வார்கள். அதே காலராவுக்கும் மலேரியாவுக்கும் லயங்களில் இறந்தவர்களைத் தேயிலைச் செடிகளுக்கிடையே புதைத்தார்கள். கல் இல்லை, பெயர் இல்லை. இறப்புக்குக் கல் இருந்தால் அது வெறும் நினைவுச் சின்னம் மட்டுமல்ல. நீதிமன்றத்தில் அது ஓர் ஆவணம். எங்கள் தொழிலில் இருப்பவருக்கு இது உடனே தோன்றும்.

இனி 1950க்கு வருவோம்.

அரசமைப்புச் சட்டத்தின் 341ஆம் உறுப்பின்படி, குடியரசுத் தலைவர் 1950 ஆகஸ்டு 10 அன்று பட்டியல் சாதிகள் ஆணையை வெளியிட்டார். அது ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிப் பட்டியல் தந்தது. குறிப்பிட்ட பகுதியில் ‘வசிக்கும்’ அச்சாதி உறுப்பினர்களையே பட்டியல் சாதியினராகக் கருத வேண்டும் என்றது. 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதன் விளைவை உறுதிசெய்தது: ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியினராக இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அதே பெயருள்ள சாதி பட்டியலில் இருந்தாலும்கூட, அந்தத் தகுதியை உடன் கொண்டுசெல்ல முடியாது. 2018இல் பீர் சிங் வழக்கிலும் இன்னோர் அரசியல் சாசன அமர்வு இந்நிலையிலேயே நின்றது. பள்ளன், பறையன், சக்கிலியன் ஆகிய பெயர்கள் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் உண்டு, கேரளப் பட்டியலிலும் உண்டு. இருந்தும், ஆணை வெளியான நாளில் குடும்பம் எந்தப் பக்கம் நிலையாக வசித்தது என்பதே இன்று பேரனின் சாதியைத் தீர்மானிக்கிறது.

குடிபெயர்ந்தவருக்குத் தகுதி இல்லை என்ற விதியின் நியாயத்தைப் பற்றி நான் இங்கே வாதிடப் போவதில்லை. அது தனிக் கட்டுரைக்குரியது. என் கேள்வி வேறு. மூணாறுத் தொழிலாளர் இந்த விதிக்குள் வருகிறார்களா? 1924இல் அழிந்த ரயிலுக்குப் பெட்டி ஏற்றியவரின் கொள்ளுப்பேரனை எந்தக் கணக்கில் ‘குடிபெயர்ந்தவர்’ என்பது?

இந்தச் சொல்லுக்கு ஓர் அரசியல் வரலாறு இருக்கிறது. 1950களில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டுடன் சேர்க்க வேண்டும் என்று நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. அங்கே தமிழர் பெரும்பான்மையினர் என்பது அதன் வாதம். அவர்கள் தோட்ட வேலைக்கு வந்துபோகும் மக்கள், நிலையான குடிகள் அல்லர் என்பது எதிர்வாதம். மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் இரு வட்டங்களும் கேரளத்திலேயே இருக்கட்டும் என்றது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டையின் ஒரு பகுதியும் தென் வட்டங்கள் நான்கும் இங்கே வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் அங்கே நின்றன. அந்த எல்லை சரியா தவறா என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, எல்லைப் பேரத்தில் எண்ணிக்கையைக் குறைக்கப் பயன்பட்ட ‘வந்துபோகிறவர்கள்’ என்ற பார்வை பிறகு சாதிச் சான்றிதழ் மேசையிலும் உட்கார்ந்துகொண்டது என்பதே. தமிழ்த் தேசியம் பேசுவோர் தேவிகுளத்தை இழந்ததைச் சொல்வார்கள். அங்கே வாழும் தலித்துகள் எதை இழந்தார்கள் என்று கேட்பது அரிது.

கேரளத்தில் சமுதாயச் சான்றிதழ் வழங்குவதை முறைப்படுத்த 1996இல் இயற்றப்பட்ட சட்டம், நிரூபிக்கும் பொறுப்பை உரிமை கோருபவர்மீதே சுமத்துகிறது. ஐயம் எழுந்தால் கோழிக்கோட்டிலுள்ள கிர்டாட்ஸ் நிறுவனம் மானுடவியல் விசாரணை நடத்தும். போலிச் சான்றிதழ்களைத் தடுக்க இப்படியொரு ஏற்பாடு வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் லயத்தில் வாழ்ந்தவரிடம் என்ன ஆவணம் இருக்கும்? நிலப் பட்டா இல்லை, நிலம் நிறுவனத்துடையது. வீட்டு வரி ரசீது இல்லை, வீடும் நிறுவனத்துடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்தையும் விட்டுவிட வேண்டும். 1971இல் கேரளச் சட்டமன்றம் கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டத்தை இயற்றியது. உழவருக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் நிலம் வழங்குவதை நோக்கங்களில் ஒன்றாகச் சொன்ன அச்சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1972இல் செல்லுமென்றது. பயிரிட்ட தோட்டமும் அதைச் சார்ந்த நிலமும் நிறுவனத்திடமே தொடர்ந்தன; கொழுந்து கிள்ளியவர்கள் லயத்திலேயே இருந்தார்கள். அன்று ஐந்து சென்ட் பட்டா கிடைத்திருந்தால், இன்று அவர்கள் பேரப்பிள்ளைகள் அந்தக் காகிதத்தையாவது நீட்டியிருப்பார்கள்.

எஞ்சுவன இரண்டு வகை ஆவணங்கள்: தோட்ட நிறுவனத்தின் பதிவேடுகள், தேவாலயப் பதிவேடுகள். இரண்டிலும் சிக்கல் இருக்கிறது.

தேவாலயப் பதிவேட்டின் சிக்கல் கொடுமையானது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைத் தேதியோடு எழுதிவைத்தவை மிஷன் தேவாலயங்கள். 1930இல் உன் பாட்டனுக்கு இந்த மலையில் ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது என்று காட்டினால், குடும்பம் 1950க்கு முன்பே இங்கே வசித்தது நிரூபணமாகும். ஆனால் அதே வரி, குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் என்பதையும் நிரூபித்துவிடும். 1950 ஆணையின் 3ஆம் பத்தி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களுக்கு அப்பாற்பட்டவரைப் பட்டியல் சாதியாகக் கருதுவதில்லை. குடியிருப்பை நிரூபிக்கும் தாளே தகுதியைப் பறிக்கும் தாளாகிறது.

இது கற்பனை அல்ல என்பதைத் தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் ஏ. ராஜாவின் வழக்கு காட்டிற்று. பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி அது. 2021 தேர்தலில் அவர் வென்றதை எதிர்த்த வழக்கில், 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தேர்தலைச் செல்லாது என்றது. தேவாலயப் பதிவேடுகள் அங்கே முக்கியச் சான்றாயின. கேரளத்தின் இந்துப் பறையர் என்ற தகுதி அவருக்கு உண்டா, மூதாதையர் திருநெல்வேலியிலிருந்து எப்போது வந்தார்கள் என்பவை விவாதத்தின் நடுவே இருந்தன. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி அவர் தேர்தலை நிலைநிறுத்தியது. ஒரு சட்டமன்ற உறுப்பினருக்குக் கட்சியும் மூத்த வழக்கறிஞர்களும் உச்ச நீதிமன்றம்வரை உடன் வந்தார்கள். கல்லூரி விண்ணப்பத்தின் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை என்று சான்றிதழுக்கு ஓடும் மாணவிக்கு அவை இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் இடஒதுக்கீடு இல்லை, உதவித்தொகை இல்லை. தமிழ்நாட்டுப் பூர்வீக ஊரில் சான்றிதழ் வாங்கி வந்தாலும் அது கேரளத்தில் எடுபடாது. பலர் படிப்பை விட்டுவிட்டு அம்மாவின் கூடையை வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் ரயிலின் வரலாறு பயன்பட வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 57ஆம் பிரிவும் அதன் இடத்தில் வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 52ஆம் பிரிவும், பொது வரலாறு சார்ந்த விஷயங்களில் தகுந்த நூல்களையும் ஆவணங்களையும் நீதிமன்றம் துணைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்கின்றன. 1902இல் ஒற்றைத் தண்டவாளம், 1908இல் நீராவி ரயில், 1924இல் வெள்ளம்: இவை பொது வரலாறு. சமவெளியிலிருந்து வந்த தலித் தொழிலாளர் திரள் இந்த மலையில் 1950க்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே நிலைத்துவிட்டது என்பதை இவை ஐயமற நிறுவுகின்றன. ‘வந்துபோகிறவர்கள்’ என்ற ஊகத்தை உடைக்க இது போதும்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இந்த மனுதாரரின் பாட்டி அந்தத் திரளில் இருந்தாரா என்பதை ரயில் சொல்லாது. அதற்குத் தனிச் சான்று வேண்டும். பொது வரலாறு செய்யக்கூடியது நிரூபணத்தின் சுமையைக் குறைப்பது: தொழிலாளர் திரளின் குடியிருப்பு ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும்போது, தனிக்குடும்பத்திடம் சிறு இணைப்புச் சான்றை மட்டும் கேட்பது நியாயம். மூத்தோர் உறவுமுறை பற்றிச் சொல்லிச் சென்றவற்றைக்கூடச் சாட்சியச் சட்டம் சில நிபந்தனைகளுடன் ஏற்கிறது. முப்பதாண்டு கடந்த ஆவணம் உரிய இடத்தின் பாதுகாப்பிலிருந்து வந்தால், அதன் கையொப்பத்தையும் கையெழுத்தையும் உண்மையென நீதிமன்றம் அனுமானிக்கலாம். சான்றிதழ் விசாரணைகளில் இவற்றை முன்வைத்து எழுத்துமூலம் வாதிடுவதில்லை. வாதிட்டால் நிராகரிப்பு ஆணையில் காரணம் எழுதியாக வேண்டும். காரணம் எழுதினால் மேல்முறையீட்டுக்குப் பிடி கிடைக்கும்.

நிறுவனப் பதிவேடுகளுக்கு வேறு வழி. யார் எந்த ஆண்டு எந்த டிவிஷனில் வேலைக்குச் சேர்ந்தார் என்பது மஸ்டர் ரோலிலும் செக்ரோலிலும் இருந்தது. அவை தனியார் ஆவணங்கள் ஆகையால் தகவல் உரிமைச் சட்டம் நேரடியாக எட்டாது. ஆனால் அச்சட்டத்தின் 2(எஃப்) பிரிவு, ஒரு பொது அதிகாரி வேறொரு சட்டத்தின்கீழ் தனியார் அமைப்பிடமிருந்து பெறக்கூடிய தகவலையும் ‘தகவல்’ என்றே வரையறுக்கிறது. தோட்டத் தொழிலாளர் ஆய்வாளருக்குப் பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்கும் அதிகாரம் உண்டு. அவர் வழியாகக் கேட்கலாம். தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்ததே 1951இல் என்பதால் அதற்கு முந்திய பதிவேடுகளுக்கு இந்த வழி குறுகலானது. எனினும் 1950களின் பதிவேட்டில் ‘சேர்ந்த ஆண்டு 1938’ என்று ஒரு கட்டம் இருந்தால் அதுவே போதுமானது. சான்றிதழ் விசாரணை அதிகாரி அழைப்பாணை அனுப்பிப் பதிவேட்டை வரவழைக்க வேண்டும் என்று மனுவிலேயே கோர வேண்டும். அருங்காட்சியகத்தில் ரயில் சக்கரத்தைப் பாதுகாக்க முடிந்த இடத்தில் பதிவேடுகளை என்ன செய்தார்கள் என்பதைக் கேட்பதற்கு அந்த மக்களுக்கு உரிமை இருக்கிறது.

மூணாறில் பணியாற்றும் தோழர்களுக்கும் விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர்களுக்கும் ஒன்று. 1950 ஆகஸ்டில் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது வயது 85ஐக் கடந்துவிட்டது. எந்தத் தோட்டம், எந்த லயம், எந்தக் கங்காணி, பக்கத்து வீட்டில் யார், போடியிலிருந்து எந்த வழியாக ஏறியதாக அவருடைய பெற்றோர் சொன்னார்கள் என்பதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதி, நோட்டரி முன் பிரமாண வாக்குமூலமாக்குங்கள். அவருடைய குடும்பத்துக்கு மட்டுமல்லாமல் அந்த லயத்தின் எல்லாக் குடும்பங்களுக்கும் அது உதவும். மழைக்காலத்துக்கு முன் தொடங்குவது நல்லது; மழையில் லயங்களுக்குப் போய்வருவது கடினம்.